இரண்டாவது கியரைப் பிடித்திருந்தவர்

என் கணவர் லைசென்ஸ் சோதனையில் மூன்று முறை தோற்றார். மூன்று முறையும் அதே மேட்டில்தான். காரை ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். இவர் எடுப்பார், கார் உருளும். கடைசி முறை அதிகாரி பாதியிலேயே கதவைத் திறந்து இறங்கி நடந்து போய்விட்டாராம். இவர் இதை என்னிடம் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மலாய் நாட்டுத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு சங்கதி வெல்ட் கீ துறைமுகச் சாலையில் காலையில் நடந்தால் சாயங்காலம் சந்தையில் காய்கறியோடு நம் பைக்குள் வந்து விழும்.

நான் முதல் தடவையே தேறிவிட்டேன். அதோடு அடக்கமாக ஒரு சாதாரண கார் வாங்கியிருந்தால் பிரச்சினை இல்லை. நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. புத்தியுள்ளவர்கள் எல்லோரும் புதிதாக வந்த உள்நாட்டுக் காருக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் தொழிற்சாலையின் வெள்ளைக்கார எஞ்சினியர் ஊர் திரும்புவதாகவும் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கப் போவதாகவும் சொன்னார். பச்சை நிறம், இரண்டே இருக்கை, துணிக் கூரை. மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், புத்தி கெட்டேன், வாங்கிவிட்டேன்.

கணவருக்குத் துறைமுகத்தில் கிராணி வேலை, கணக்கு எழுதும் குமாஸ்தா. முதல் மாதம் தினமும் அவரை அலுவலக வாசலில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். ஒரு நாள் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சிவப்பு விளக்கில் நின்றபோது, சைக்கிளில் போன இரண்டு துறைமுகத் தொழிலாளிகள் எங்களைப் பார்த்துவிட்டார்கள்.

"கிராணி அண்ணே, நீங்க எப்ப ஓட்டப் போறீங்க?" என்றான் ஒருவன்.

"அவரு துரை லா! டிரைவர் வச்சிருக்காரு!" என்றான் மற்றவன்.

அவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். மறுநாள் காலையில் நான் காரை எடுத்தபோது இவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார். சண்டை இல்லை, கோபம் இல்லை. "பஸ்ல காத்து நல்லா வருது" என்றார், அவ்வளவுதான். கூரையைக் கழற்றிய காரைவிடப் பஸ்ஸில் காற்று அதிகம் என்று சொன்ன முதல் மனிதர் இவராகத்தான் இருப்பார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் ஊர் வாய்க்குப் பயந்து என் பக்கத்து இருக்கை காலியாகக் கிடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஐந்து பேர் உட்காரும் காரில் ஓர் இடம் காலியாக இருந்தால் அது கண்ணில் படாது. இரண்டே இருக்கையில் ஒன்று காலியாக இருந்தால், பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றுமோ, எனக்கு வேறெதுவும் கண்ணில் படாது. கார் வாங்கியதே அவரோடு ஊர் சுற்றத்தான். அதைச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வாய் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் புலாவில் என் அக்கா வீடு. வாரா வாரம் மதியச் சாப்பாடு அங்கேதான். இவர் முன்னதாகவே பஸ்ஸில் கிளம்பிவிடுவார். நான் பிறகு காரில் கிளம்புவேன். மலைப்பாதையில் பஸ்ஸை முந்த இடம் கிடைக்காது. ஆகவே பஸ்ஸின் புகையை முகத்தில் வாங்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். பின் சன்னலோரம் உட்கார்ந்து இவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு வண்டில வர்றீங்களே, அவ்வளவு பெரிய குடும்பமா?" என்று அக்கா வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். இவர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாகிவிடுவார்.

அந்த வருஷம் டுரியான் பழப் பருவத்தில்தான் எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. டுரியான் வாங்க ஊரே பாலிக் புலாவுக்குப் படையெடுத்திருந்தது. மாலையில் திரும்பும் பஸ்களில் கால் வைக்க இடமில்லை. இவர் ஒரு பஸ்ஸை விட்டார், இரண்டை விட்டார். நான் காரை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறினார்.

மலை உச்சி தாண்டி இறக்கத்தில் இறங்கும்போது, டக்கென்று ஒரு சத்தம். இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. இஞ்சினின் பிடி விட்டதும் கார் இஷ்டத்துக்கு ஓடத் தொடங்கியது. பிரேக்கை மிதித்து, மறுபடி இரண்டாவதில் தள்ளினேன். அடுத்த வளைவில் மறுபடி டக். அந்தக் காரின் ஸ்டீரிங்கை வளைவுகளில் இரண்டு கையாலும் இழுத்தால்தான் திரும்பும். கியரையும் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை.

"பிடிங்க!" என்று கத்தினேன். "அதைப் பிடிங்க! வெளிய வராம அழுத்திப் பிடிங்க!"

பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கியரைப் பிடித்தார், பொங்கி வரும் பால் சட்டியைத் துணியால் பிடிப்பதுபோல. அடிவாரம் வரை விடவில்லை. சமவெளிக்கு வந்ததும், "இப்ப விடலாமா?" என்று கேட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. முகத்தில் நான் வெகுநாளாகப் பார்க்காத ஒரு களை.

அடுத்த ஞாயிறு அவர் பஸ்ஸுக்குப் போகவில்லை. "நீ தனியா அந்த இறக்கத்துல எப்படி இறங்குவ?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

ஜெலுத்தோங்கில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பையன் ஒருவன் கார் பட்டறை வைத்திருந்தான். பையன் என்றாலும் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவனிடம் காட்டினேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா, கியர்பாக்ஸ இறக்கணும். உள்ள தேஞ்சுபோச்சு. இன்னிக்கே விட்டுட்டுப் போங்க."

"தீபாவளி போகட்டும் தம்பி" என்றேன்.

இந்த ஊரில் தள்ளிப்போட நினைப்பவர்களுக்குப் பண்டிகைக்குப் பஞ்சமில்லை. தீபாவளி போனால் கிறிஸ்துமஸ், அதற்கப்புறம் சீனப் பெருநாள், தைப்பூசம். எது நம்முடையது, எது அடுத்த வீட்டுக்காரருடையது என்ற பேதமே எனக்குக் கிடையாது. எல்லாவற்றையும் சாக்காக எடுத்துக்கொண்டேன். தீபாவளி முடிந்ததும் பட்டறைத் தம்பி விடவில்லை. சாமான் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும், கப்பலில் மாதக்கணக்கில் ஆகும், இப்போதே எழுதிப் போடுகிறேன் என்றான். கப்பல் என்றதும் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவன் என்ன நினைத்தானோ. "மெதுவா வரட்டும் தம்பி" என்றேன்.

கியர் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் மட்டும் கழன்றது பிறகு சமதரையிலும் கழன்றது. மூன்றாவது கியரும் அதனிடம் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொண்டது. அதனால் காலையிலும் இவர் என்னோடு வரத் தொடங்கினார். அவரை இறக்கிவிட்ட பிறகு, நேர்ச்சாலையில் ஒரு கையால் கியரைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தே தொழிற்சாலைக்குப் போவேன். முதலில் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தவர், போகப்போக இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே எப்போது மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டார். நான் கிளட்சை மிதிப்பேன், அவர் கியரைப் போடுவார். வாயால் சொல்லத் தேவையில்லை. நான் தாடையைக் கொஞ்சம் தூக்கினால் போதும். கொஞ்ச நாளில் அதுவும் தேவைப்படவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டே இரண்டு பேரும் அலுவலகக் கதை, அக்கா வீட்டுக் குழம்பில் புளி கூடிப்போனது என்று பேசிக்கொண்டே போவோம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

அதே சிவப்பு விளக்கில் அதே சைக்கிள்காரர்கள் ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றார்கள். விளக்குப் பச்சையானது. இவர் முதல் கியரைத் தள்ளினார்.

"ஏய், அண்ணேதான் கியர் போடுறாரு லா!" என்றான் ஒருவன்.

"நாந்தான்" என்றார் இவர். "அவ ஸ்டீரிங் மட்டும்தான்."

கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றும் யார் காலடியில் இருந்தன என்று நான் கேட்கவில்லை. நல்ல மனநிலையில் இருந்தேன்.

அவ்வப்போது இவரே கேட்பார்: "சாமான் வந்துச்சாமா?"

"எங்க வந்துச்சு, இன்னும் வரல" என்பேன். நான் பட்டறைப் பக்கமே போகவில்லை என்பதுதான் உண்மை. ஜெலுத்தோங் வழியாகப் போக வேண்டி வந்தாலும் வேறு சாலையில் சுற்றிப் போனேன்.

"கப்பல்னா அப்படித்தான், லேட்டாகும்" என்பார் இவர், துறைமுகத்துக்காரர் என்ற உரிமையோடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் பட்டறைத் தம்பி மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். தப்பிக்க முடியவில்லை.

"என்னாக்கா, வண்டி எப்படி ஓடுது?"

"சாமான் வரட்டும் தம்பி, பார்த்துக்கலாம்" என்றேன்.

அவன் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் நின்ற இவரைப் பார்த்தான். பிறகு என் குவளையில் மோரை விளிம்பு வரை நிரப்பினான். வெயிலில் அதைப் பற்றி யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி டுரியான் பருவம் வந்தது. அக்கா இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த சந்திலும் இவருடைய காலடியிலும் பழங்களை அடைத்து அனுப்பினாள். பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகியது. இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு கூர்மையான வளைவில் எதிரே லோரி. நான் ஸ்டீரிங்கை ஒடித்தேன். அந்த நேரத்தில் கியரின் குமிழ் கழன்று இவர் கையோடு வந்துவிட்டது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த மொட்டைக் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். எனக்கு லோரியைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. லோரி போயிற்று. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. இவர் சத்தமே போடவில்லை. கியரும் கழலவில்லை.

அடிவாரத்தில் காரை ஓரமாக நிறுத்தினேன். இவர் கையை எடுத்தார். உள்ளங்கை நடுவில் வட்டமாக ஒரு குழி, அதில் ரத்தம்.

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "விட்டுத் தொலைச்சிருக்கலாமில்ல? பிரேக் இருக்குல்ல!"

"விட்டா நீ என்னா செய்வ?" என்றார்.

கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டேன். வீடு வரும் வரை இடது கையால் எக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பழ வாசனை தலையைச் சுற்றியது. போதும் என்று முடிவு செய்துவிட்டேன். இருக்கை காலியானால் ஆகட்டும், பஸ்ஸில் காற்று வாங்கட்டும், இவர் கை முழுசாக இருந்தால் போதும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல், காரை ஊர ஊர ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தம்பி ஒரு லோரியின் அடியிலிருந்து எழுந்து வந்தான்.

"தம்பி, எவ்வளவு நாள் ஆனாலும் சரி, அந்தச் சாமானுக்கு மறுபடி எழுதிப் போடு. தந்தி வேணும்னாலும் அடி" என்றேன்.

அவன் கையைத் துணியில் துடைத்தான். ஏணியைப் போட்டு ஏறி, மேல் பலகையிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினான். மேலே தூசி படிந்து கிடந்தது.

"இது என்னா?"

"சாமான்தாக்கா. தைப்பூசத்துக்கு முன்னாடியே வந்துருச்சு. அண்ணன்தானே துறைமுகத்துலேர்ந்து எடுத்துக் குடுத்தாரு."

எனக்கு விளங்கவில்லை. "எந்த அண்ணன்?"

"உங்க வீட்டு அண்ணன்தான். 'அக்கா கேட்டா எடுத்துப் போடு, கேக்கலைன்னா நீயா சொல்லாத'ன்னாரு. நீங்க கேக்கவே இல்லையேக்கா."

எண்ணெய் பிசுபிசுத்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கப்பல்னா அப்படித்தான், லேட்டாகும். எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அதுவும் எவ்வளவு நிதானமான முகத்தோடு! பூசணிக்காயை நான் மட்டுமா மறைத்தேன்? சிரிப்பு வந்தது. சத்தமாகச் சிரித்தேன். தம்பி பயந்துபோய் எனக்கு ஒரு கோப்பி வாங்கி வந்தான்.

கார் பட்டறையில் இருந்த நாட்களில் நானும் இவரும் ஆளுக்கொரு பஸ்ஸில் வேலைக்குப் போனோம். கார் எங்கே என்று இவர் கேட்டார், பட்டறையில் என்றேன். கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு, "சரி, செய்ய வேண்டியதுதான்" என்றார். பெட்டியைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

சனிக்கிழமை காரை எடுத்து வந்தேன். கியர் இப்போது வெண்ணெய் மாதிரி விழுந்தது. விழுந்த இடத்தில் நின்றது. யாரும் பிடிக்க வேண்டியதில்லை. இவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டாமே என்று அந்தத் தம்பியின் மேல் எரிச்சல்கூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் காரில் ஏறி உட்கார்ந்தேன். இவர் வாசல் கேட்டைத் திறந்துவிட்டு, பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். இடப்பக்கம் போனால் பஸ் நிறுத்தம்.

நான் இஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். கிளட்சை மிதித்தேன். இரண்டு கையையும் ஸ்டீரிங்கின் மேல் வைத்துக்கொண்டு, எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கார் அப்படியே நின்று உறுமியது.

"என்னா, கிளம்பலையா?" என்றார்.

"கியர் போட ஆள் இல்ல."

இடப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு பக்கத்துக் கதவு திறந்தது. உட்கார்ந்து, பேப்பரை மடித்துக் காலடியில் போட்டார்.

"கப்பல் வந்துருச்சாமே" என்றேன், அவர் பக்கம் திரும்பாமல்.

"ம்ம்" என்றார். "ரொம்ப லேட்டு."

கட்டுப் போட்ட கையைப் புதுக் குமிழின் மேல் வைத்து, முதல் கியரைத் தள்ளினார்.