கிருத்திகைக்கு முன்பே பாவா போட்டுவிடும் மெயின்டனன்ஸ்

பம்பைச் சத்தமும் கற்பூர வாசனையும் ஜன்னல் வழியே வர ஆரம்பித்தால், பாவா கீபோர்டை இழுத்துக்கொள்வார்...

பாவா என் அக்கா வீட்டுக்காரர். திருத்தணி மலையடிவாரத்தில், வளையல் கடைக்கு மேலே ஒரே அறையில் சர்வர் பராமரிக்கும் கம்பெனி வைத்திருந்தார். படிப்பு முடிந்த கையோடு நானும் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். எங்களுக்கு இருந்தது ஒரே கஸ்டமர், ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அது போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரிக்கு இங்கே ஒரு கிளை, அரக்கோணத்தில் ஒரு கிளை. அங்கே ஒரு சர்வர், எங்கள் அறையில் ஒரு சர்வர். ஒன்று விழுந்தால் மற்றது தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். இரண்டும் பேசிக்கொள்வது சாதாரண சிம் கார்டு வழியாக... அதற்கு மேல் வசதி ஏது?

கிருத்திகைக் கூட்டத்தில் டவர் திணறும். லைன் அறுந்தால், அடுத்தவன் செத்துவிட்டான் என்று இரண்டு சர்வருமே நினைத்துக்கொண்டு, இரண்டுமே எஜமான் ஆகிவிடும். நோயாளி விவரம் பாதி இங்கே, பாதி அங்கே. அதனால்தான் பாவா முன்கூட்டியே மெயின்டனன்ஸில் போட்டுவிடுவார். அப்போது எது அறுந்தாலும் சர்வர்கள் தாமாக எதையும் செய்யாது. கூட்டம் இறங்கிய பிறகுதான் எடுப்பார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் அது.

அந்த ஆடிக் கிருத்திகை அன்று, ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த மேனேஜர் காலையிலேயே போன் செய்தார். டேட்டாபேஸ் மெதுவாக ஓடுகிறதாம், மெமரி செட்டிங்கை உடனே மாற்ற வேண்டுமாம். மாற்றினோம். அதோடு விட்டாரா அந்த மகராசன்? மெயின்டனன்ஸிலிருந்து எடுத்து, ஒன்று விழுந்தால் இன்னொன்று எழுவதையும் இப்போதே காட்டச் சொன்னார்.

"சார், ஊரே மலை ஏறிகினு இருக்குதுங்க. நாளைக்குக் காலைல காட்டறனே..."

காவடிக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாராம். முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம். பாவா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எடுத்துட்றேன்டா... வேற வழி?"

எடுத்தார். காட்டினார். மறுபடி போடுவதற்குள் லைன் அறுந்துவிட்டது. மலை மேலே அரோகரா... கீழே இரண்டு சர்வருமே எஜமான்.

இரண்டு ஊரிலும் ஒரே எண்ணில் வேறு வேறு நோயாளிகள். யாருக்கு எந்த மருந்து என்று ஆஸ்பத்திரியே தடுமாறியது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பழி முழுக்கப் பாவா தலையில் விழுந்தது. கஸ்டமர் போனது, அறையைக் காலி செய்தோம். எனக்கு மனசே விட்டுப்போனது. பாவா அதன் பிறகு கம்ப்யூட்டரைத் தொடவில்லை. இப்போது பொதட்டூர்பேட்டையில் லுங்கிக் கட்டுகளை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

நான் இன்று சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில். எங்கள் சர்வர்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது. எந்த மலையில் எவ்வளவு கூட்டம் ஏறினாலும் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பாவாவிடமும் இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் முதல் நாள் போன் வந்துவிடும்.

"போட்டுட்டியாடா?"

போடுவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை...

"ஆங் பாவா, போட்டுட்டேன்."