மேசை மட்டம்

வெல்டிங் தொழிலில் கண் போவதற்கு முன்னமே போவது முழங்கால்தான். மேசையில்லாமல் நிலத்தில் குந்தியிருந்து ஒட்டியவர்களுக்கு இது விளங்கும்.

தர்மபுரத்தில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். அதில் நானும் மனைவியின் தம்பி தவராசாவும். நான் ஒட்ட, அவன் மற்ற முனையைப் பிடிப்பான். வேலையும் கதையும் ஒன்றாகவே நடக்கும். அந்தக் காலம் நல்ல காலம்.

முதல் மேசை

கடை மேசை வாங்க வழியில்லை. தவராசாவுக்குச் சொல்லாமல், அவன் வீட்டுக்குப் போன பிறகு ஆறு நாள் பின்னேரங்களில் ஒரு மேசை செய்தேன். கால்களுக்குப் பழைய கட்டில் குழாய். மேலுக்கு உடைந்த உழவு இயந்திரப் பெட்டியின் தகடு. ஏழாம் நாள் காலையில் அவன் வந்தபோது இரண்டு வாடிக்கையாளர் நின்றார்கள். நான் மேசைக்குக் கீழே குனிந்து கசடு தட்டிக்கொண்டிருந்தேன். குரல் மட்டும்தான் கேட்டது:

“அத்தான், மேசை மட்டம்.”

பிடிக்க ஆளில்லை

மட்டமாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மட்டமான படிப்பு, மட்டமான வேலை என்று கேட்டே வளர்ந்தவன். அன்றோடு அவனுடன் கதையை விட்டேன். காரணத்தை மனைவிக்கும் சொல்லவில்லை. ஒரு கிழமை பார்த்துவிட்டு அவன் விசுவமடுவில் தனிக் கொட்டில் போட்டான். நான் இல்லாத நேரம் பார்த்துத் தமக்கையிடம் வந்துபோவான்.

அவன் கை பிடிக்கும் இடங்களிலெல்லாம் தகட்டில் துளை போட்டுக் கிளாம்ப் பூட்டினேன். ஒரு பக்கம் குழாய் வளைக்க முளை வைத்தேன். கீழே சாமான் வைக்கத் தட்டு. கால்களையும் மடக்கலாம். அதைப் பார்த்து ஊரார் தங்களுக்கும் செய்து தரக் கேட்டார்கள். மேசை எல்லாவற்றையும் பிடித்தது, கதைக்கத்தான் இல்லை. மனைவி தேத்தண்ணியை அதன்மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“இத்தனை ஓட்டை போட்ட நேரத்துக்கு அவனை ஒருக்கால் கூப்பிட்டிருக்கலாம்.”

ஒட்டுசுட்டானுக்குப் போன மேசை

ஒட்டுசுட்டானில் வெல்டிங் செய்யும் ஒருவருக்கு மேசை செய்து கொடுத்தேன். அடுத்த மாதம் அந்தப் பக்கம் போனால், மேசை முற்றத்து வெயிலில் நிற்கிறது. மேலே செத்தல் மிளகாய். மனுசன் பழையபடி நிலத்தில் குந்தியிருந்து ஒட்டுகிறார். நான் பார்த்த பார்வைக்கு அவருடைய மனைவி பதில் சொன்னா:

“இரும்பு நல்லாச் சுடுது அண்ணை, ரெண்டு நாளில காயுது. அவருக்கு நிலம் கிடக்குத்தானே.”

நானாவின் கேற்

முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து வீடு கட்டிய ரசீத் நானா வாசலுக்கு ஒரு இரும்புக் கேற் செய்யத் தந்திருந்தார். அன்று காலை தவராசா என்னைக் கண்டும் காணாததுபோல் சைக்கிளில் போனதைப் பார்த்திருந்தேன். அந்த நினைப்பிலேயே ஒட்டினேன். நானா வந்து கேற்றைத் தூக்கினார், மேசையும் எழும்பியது. சட்டத்தைத் தகட்டோடு சேர்த்து நாலு இடத்தில் ஒட்டியிருக்கிறேன். நானா கையை எடுக்காமலே கேட்டார்:

“கேற்றுக்குச் சீதனமா மேசையும் வருகுதோ?”

நீர்மட்டம்

போன மாதம் தவராசா கொட்டிலுக்குள் வந்தான். தலை முழுக்க நரை. தன் மேசை ஆடுகிறதாம். ஒன்று செய்து தரவேண்டுமாம். அவன் பைக்குள்ளிருந்து குமிழி ஓடும் நீர்மட்டத்தை எடுத்து, என் பழைய மேசையில் நீளத்துக்கும் குறுக்குக்கும் வைத்துப் பார்த்தான்.

“இன்னும் மட்டம் அத்தான். ஒரு நூலும் விலகேல்லை.”

“அண்டைக்கும் இதைத்தானோ சொன்னனி?” என்றேன்.

“வேற என்னத்தை? நீர்மட்டத்தை வைச்சுப் பாத்துத்தானே சொன்னனான். நீங்கள் ஏன் கதையை விட்டனீங்கள் எண்டுதான் எனக்கு இண்டைக்கும் தெரியாது.”

அவனுடைய மேசையை இப்போது அவன் பிடிக்க நான் ஒட்டுகிறேன் என்றாலும், அன்றைக்கு ‘நல்ல’ என்று ஒரு சொல்லை முன்னால் போட்டிருந்தால் அவனுக்கு என்ன குறைந்திருக்கும் என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.