எந்திரத்தின் கண்ணில் ஒரு பொட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. நடந்ததை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்து, நடுவில் எதையாவது மறந்துவிடுவேன். வாராவாரம் படிக்கிற நீங்கள் பொறுத்துக்கொள்கிறீர்கள்... இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் நடந்த சங்கதி இது.

நான் கூட்டிப் பெருக்குகிற கம்பெனி, மூலக்குளம் தாண்டி வில்லியனூர் ரோட்டில் இருக்கிறது. சாம்பார்த்தூள், ரசத்தூள், மல்லித்தூள் பாக்கெட் போடுகிற இடம். காலையில் பாகூரிலிருந்து கம்பெனி வேன் எங்களை ஏற்றிக்கொண்டு வரும். ஏரி ஓரமாக வரும்போது பாதிப் பேர் தூக்கத்தில் இருப்போம். உள்ளே போனால் அங்கேயும் ஒரு தூக்கம் மாதிரிதான். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கும். அந்த வெயிலில் மல்லித்தூள் மிதக்கும் — கீழே விழ மனசில்லாத மாதிரி. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன்.

இந்த வருஷம் புதுசாக ஒரு பேக்கிங் மிஷின் வாங்கினார்கள். படம் போட்ட பிளாஸ்டிக் ரோல் மேலிருந்து இறங்கும். தூள் விழும், ஒட்டும், கத்தி வெட்டும். அதை ஓட்ட நாலு பேருக்கு ஏசி ரூமில் மூன்று நாள் டிரெயினிங் கொடுத்தார்கள். பெருக்கித் துடைக்கிற எங்களுக்கும் ஒரு டிரெயினிங் உண்டு. "கிட்ட போகாதீங்க." அவ்வளவுதான்.

சரி, போகவில்லை.

பூஜைக்கு மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வையுங்கள் என்றார்கள். ஃபேன், தராசு, வேன், கம்ப்யூட்டர், என் துடைப்பம்... வரிசையாக வைத்துக்கொண்டே வந்தேன். புது மிஷினுக்கு முன்னால் வந்ததும் கை நின்றுவிட்டது. மிஷினுக்கு நெற்றி எது? கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் வட்டமாக, சின்னதாக, ஒரு கறுப்புக் கண்ணாடி. பொட்டுக்கென்றே அளவெடுத்து வைத்தது போல இருந்தது. அதன்மேல் சந்தனம், நடுவில் குங்குமம். தள்ளி நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய இரும்புக்கு ஒரு முகம் வந்துவிட்டது.

விஜயதசமியன்று மிஷினைப் போட்டார்கள்.

எங்கள் பாக்கெட்டில் கரண்டியோடு சிரிக்கிற ஒரு அம்மாவின் படம் இருக்கும். அன்றைக்கு விழுந்த பாக்கெட்டில் சேலை மேலே இருந்தது, தலை கீழே இருந்தது. அடுத்ததில் கரண்டி மட்டும். அதற்கடுத்ததில் ஒரே ஒரு கண்.

"இன்னாடி இது, அம்மாவுக்குக் காலுக்குக் கீழ தல மொளச்சிருக்குது" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம். மத்தியானம் வரைக்கும்தான் சிரித்தோம்.

ரோலை மாற்றிப் பார்த்தார்கள். சரிவரவில்லை. மிஷினை நிறுத்தி வைத்தார்கள். மேனேஜர் சார் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மிஷின் விற்றவர்களுக்குப் போன் மேல் போன். மூன்றாம் நாள் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. பூஜைக்கு முன்னால் கடைசியாக ஸ்க்ரூ முடுக்கியது யார்? மேரி. அப்படியென்றால் மேரிதான் கெடுத்தது. அவளை நிறுத்துவதற்கு லெட்டர் டைப் ஆகிறது என்று, ஆபீஸுக்கு டீ கொண்டுபோனவள் வந்து சொன்னாள்.

மேரி எங்கள் ஊர்ப் பெண். நேற்றுவரை கரும்புத் தோட்டத்தில் களை எடுத்தவள். டிரெயினிங் முடிந்த அன்று வேனில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். மடியில் கையை வைத்துக்கொண்டு, இல்லாத பட்டன்களை விரலால் அமுக்கிக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் மிஷின் ஓட்டினாள்.

சாப்பாட்டு நேரத்தில் குழாயடிக்கு வந்தாள்.

"அக்கா, மிஷினுக்குப் பொட்டு வெச்சது நீதானே?"

"ஆமா. ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்குது. கண்ணு மேல வெச்சிட்டியேக்கா."

"எந்தக் கண்ணு?"

விளக்கினாள். ரோலின் ஓரத்தில் ஒரு கோடு இருக்குமாம். அந்தக் கண்ணாடி அதைப் பார்த்துத்தான், வெட்ட வேண்டிய இடத்தைக் கத்திக்குச் சொல்லுமாம். சந்தனம் போய்க் கண்ணை அடைத்துக்கொண்டது. கத்தி கண்ட இடத்தில் வெட்டுகிறது.

"தெரிஞ்சிக்கினு சும்மாவா இருந்த? தொடச்சித் தொலையறதுதானேடி."

மேரி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே பேசினாள். "கோயிலுக்குப் போறவங்களே பூஜப் பொட்ட அழிக்கக் கூடாதுன்னு வுட்டு வெச்சிருக்காங்க. சர்ச்சுக்குப் போறவ நான் போயி அழிச்சா? நாளைக்கு ஃபேன் நின்னாக்கூட என்னாலதாம்பாங்க."

"அப்ப சார்கிட்டச் சொல்லு."

"சொன்னா, வெச்சது யாருன்னு கேப்பாரு. இந்த வயசுல ஒன்ன மாட்டி வுடச் சொல்றியா?"

என் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன்.

பாருங்கள் — கண் எதுவென்று தெரிந்தவளுக்குத் துடைக்கப் பயம். பொட்டு வைத்தவளுக்குக் கண் எதுவென்றே தெரியாது. முடிவெடுக்கிறவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருந்தோம்.

யாருக்கும் தெரியாமல் நானே துடைத்துவிட்டால் என்ன? என் சுபாவத்துக்கு அதுதான் சுலபம். ஆனால், மேரி முடுக்கிய ஸ்க்ரூதான் தானாகச் சரியாகிவிட்டது என்பார்கள். லெட்டர் அப்படியே போகும். வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

ஆபீஸ் கதவுக்குப் போகிற தூரம் அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. மிஷின் நின்ற மூன்று நாளில் தூளெல்லாம் படிந்துவிட்டிருந்தது. வெயில் மட்டும் வெறுமனே இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி நடந்து போனேன்.

"என்னம்மா?" என்றார் சார்.

"தப்பு என்னுது சார்" என்று ஆரம்பித்து, உளறி ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

எழுந்து கூடவே வந்தார். பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். துடைக்கக் கையைத் தூக்கினார்... இறக்கிவிட்டார். "நீங்களே எடுத்துடுங்கம்மா" என்றார், மெதுவாக. அவ்வளவு படித்தவர். அவராலும் முடியவில்லை!

மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஈரத்துணியால் எடுத்தேன். மேலே இருந்த இரும்புத் தகட்டில் வேறொரு பொட்டு வைத்தேன். மேரி பட்டனை அமுக்கினாள். அந்தக் கண்ணுக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் விழித்தது. முழுசு முழுசாக அம்மாக்கள் சிரித்துக்கொண்டே விழுந்தார்கள்.

"மூணு நாளா ஒருத்தர்கூடச் சொல்லலியே?" என்றார் சார்.

"நீங்க கேக்கலியே சார்."

எப்படி வந்ததென்று தெரியவில்லை, வந்துவிட்டது. வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேரிக்கு லெட்டர் வரவில்லை. இன்றும் அவள்தான் ஓட்டுகிறாள். ஆனால் மறுநாள் காலை சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'மிஷின்களில் சந்தனம், குங்குமம் வைக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

கம்பெனிகள் இப்படித்தானா? ஒரு தப்பு நடந்தால் யார் என்று தேடுகிறார்கள். கிடைத்ததும் கூடாது என்று எழுதி ஒட்டுகிறார்கள். கண் எங்கே இருக்கிறது என்று ஒரு படம் வரைந்து மாட்டியிருந்தால், நானே அதை விட்டுத் தள்ளி வைத்திருப்பேனே. இனிமேல் ஒருத்தி தெரியாமல் எதையாவது செய்துவிட்டால், அந்த நோட்டீஸைப் படித்த பிறகு கதவு வரைக்கும் நடந்து வருவாளா? நான் வந்திருக்க மாட்டேன்.

அந்தக் கண் மிஷினுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா, ரோலில் இருந்த கோடு கறுப்பா நீலமா என்று இப்போது எழுதும்போது குழம்புகிறது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். தப்பென்றால் தப்பென்றே சொல்லுங்கள்... நடவடிக்கை எதுவும் எடுக்க மாட்டேன்.