பாதி மருந்துக்கு வலை இல்லை

அஜிஷாவுக்குக் கோபம் வந்தால் முதலில் அடி வாங்குவது கீபோர்டுதான். அன்று மத்தியானம் குன்னத்துகால் வீட்டு முன்னறையில் அது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. உள்ளறைக் கட்டிலில், காலில் மாவுக்கட்டோடு கிடந்த அம்மா ஆனந்தபாய்க்கே பொறுக்கவில்லை.

"மக்கா, அந்த மெசினுக்க கூட எதுக்கு இப்பிடி சண்டைக்கு நிக்க?"

"மெசினுக்க கூட இல்லம்மா. நீ பேசாம கெட."

சண்டை ராஜன் சாரோடு. திருவனந்தபுரத்தில் அவள் ஆராய்ச்சி செய்யும் லேபுக்கு அவர்தான் தலைவர். அம்மா தொழுவத்தில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டதால் அஜிஷா லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். மாட்டையும் பார்த்து, அம்மாவையும் பார்த்து, இடையில் ஆன்லைன் கூட்டத்திலும் வந்து உட்கார்ந்தவளைத்தான் போன வாரம் எல்லோர் முன்னாலும் அவர் அப்படிக் கேட்டார். சார் கூட்டத்தில் மலையாளம்தான் பேசுவார். ஆளைக் குத்தவேண்டும் என்றால் மட்டும் தன் நெய்யாற்றின்கரைத் தமிழை வெளியே எடுப்பார்.

"இல்லாத மருந்த நீ கையால கொண்டு வச்சிருக்கே, அஜிஷா. பாதிக்கு மேல ஒண்ணும் இல்ல, பாத்தியா? இதுக்கு என்ன பேருன்னு நீயே சொல்லு."

பேர் எல்லோருக்கும் தெரியும். மோசடி. அந்தத் தொழிலில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. கூடவே வேலை செய்யும் சிபி கேமரா முன்னால் உட்கார்ந்து நிதானமாகச் சாயா குடித்துக்கொண்டிருந்தான்.

அஜிஷா பதில் சொல்லவில்லை. தொண்டை அடைத்துவிட்டது, பாவம் என்று நினைத்திருப்பார்கள். தொண்டையெல்லாம் ஒன்றும் அடைக்கவில்லை, டவர் போய்விட்டது. அந்த வீட்டின் முன்பக்கம் கேரளம். அடுக்களை தாண்டிப் பின்னாலிருக்கும் தொழுவம் தமிழ்நாடு. போன் வாசலில் ஒரு டவரைப் பிடிக்கும், அடுக்களையில் இன்னொன்றைப் பிடிக்கும், இரண்டுக்கும் நடுவே நின்றால் எதையும் பிடிக்காது. அன்று சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் போனது. திரும்ப வந்தபோது கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தது. சொல்ல வேண்டியது அவள் வாயிலேயே நின்றது. ஒரு வாரமாக அது அங்கே நின்று எரிந்துகொண்டிருக்கிறது.

அவள் செய்கிற வேலை இதுதான். ஒரு நோய்க்கிருமியின் புரதத்தை உப்புக்கல் போலப் படிகமாக வளர்த்து, எக்ஸ்ரே பாய்ச்சிக் கணக்குப் போட்டால், எலக்ட்ரான்கள் எங்கெங்கே செறிந்திருக்கின்றன என்று கம்ப்யூட்டர் ஒரு நீல வலையாக வரைந்து காட்டும். வலை இருக்கிற இடத்தில்தான் அணுவை வைக்கலாம். வலை இல்லாத இடத்தில் வைத்தால் அது கற்பனை. அஜிஷா அந்தப் புரதத்தோடு ஒரு மருந்தை ஊறவைத்து, அது போய் ஒட்டிக்கொண்டதைக் கண்டுபிடித்தாள். லேபின் பெரிய கம்ப்யூட்டரில், மருந்தின் தலை முதல் வால் வரை வலை சுற்றியிருந்ததைத் தன் கண்ணால் பார்த்தாள். ஆனால் வீட்டிலிருந்து அவள் அனுப்பிய கோப்பை சார் திறந்தபோது மருந்தின் ஒரு பாதிக்குத்தான் வலை இருந்தது. மறுபாதி வெறுமனே அந்தரத்தில் நின்றது. அவளுடைய லேப்டாப்பிலும் அப்படியேதான் தெரிகிறது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. ஒருவேளை லேபில் பார்த்ததுதான் பிசகோ?

இன்று நாலு மணிக் கூட்டத்தில் முழுசாகக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மருந்தை நீக்கிவிட்டுக் கட்டுரையை எழுது என்று சார் உத்தரவு போட்டிருந்தார். நீக்கினால், அவள் மோசடிக்காரி என்பதை அவளே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்ட மாதிரி.

செய்யாதது ஒன்றுமில்லை. மென்பொருளை மூடித் திறந்தாள். வலையை எவ்வளவு தூரத்துக்குக் காட்டவேண்டும் என்ற அளவைக் கூட்டினாள். வேறு கோப்பு மாறி வந்துவிட்டதோ என்று சரிபார்த்தாள். கறுப்புப் பின்னணியில் வலையும் கறுத்துப்போய்த் தெரியாமல் இருக்கிறதோ என்று நிறத்தைக்கூட மாற்றினாள். பாதி பாதியாகவே நின்றது.

அப்போதுதான் சிபியின் செய்தி வந்தது. "சேச்சி, லெவலக் கொஞ்சம் எறக்கிப் போடு. வலை தன்னால வரும். எல்லாரும் செய்யதாக்கும்."

படித்ததும் அவளுக்கு உச்சந்தலைக்குச் சூடேறியது. எவ்வளவு செறிவு இருந்தால் வலை வரையலாம் என்பதுதான் லெவல். அதை இறக்க இறக்க, கணக்கிலுள்ள பிசிறும் குப்பையும்கூட வலையாக மாறும். இறக்கிக்கொண்டே போனால் படத்தில் எங்கே விரலை வைத்தாலும் அங்கே மருந்து இருக்கிறதென்று சொல்லிவிடலாம். மோசடி என்று சொன்னவர் வாயை மூட மோசடியே செய்யச் சொல்கிறான், அதுவும் சேச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டு.

"எறக்கணுமா? இந்தா எறக்குதேன், பாருலே," என்று காலி அறையில் கத்திக்கொண்டே லெவலைத் தரைமட்டத்துக்கு, சைபருக்கே கொண்டுபோனாள். படம் எடுத்து அவன் முகத்தில் எறிகிற எண்ணம். எதிர்பார்த்தபடியே குப்பை பொங்கியது. புரதம் தெரியவில்லை, எங்கும் நீலச் சிக்கல்.

மருந்தின் மறுபாதியில் மட்டும் ஒன்றுமில்லை.

அஜிஷாவின் கை நின்றது. மெதுவாகப் படத்தைத் திருப்பினாள். குப்பை ஒரு இடத்தில் கத்தியால் அறுத்தது போல நேராக முடிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் சுத்தமான கறுப்பு. மருந்து இல்லையென்றால் இல்லாமல் போகட்டும், குப்பையாவது இருக்கவேண்டுமே? இயற்கையில் எதுவும் இப்படி நேர்கோட்டில் முடியாது. இப்படி முடிவது காகிதத்தில் மட்டும்தான்.

அது அந்த வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாதா? முன்பு ஒரு தடவை வீட்டை அளந்து வரைய வந்த கேரளத்து ஆள், அடுக்களைச் சுவரோடு கோட்டை நிறுத்திவிட்டு, அதுக்குமேல் ஒன்றும் இல்லை என்றான். ஆனந்தபாய் அவனைக் கையோடு கொல்லைக்கு இழுத்துப்போனாள். "தம்பி, அப்ப இந்தப் பசு எங்க நிக்குது? ஆகாசத்திலயா?" என்று கேட்டாள். தொழுவத்தையும் வரைந்த பிறகுதான் அவனை விட்டாள்.

படிகம் என்பது ஒரே மாதிரிப் பெட்டிகளின் அடுக்கு. ஒரு பெட்டியின் கணக்கு இருந்தால் போதும், அதையே அடுக்கி அடுக்கி அக்கம்பக்கத்தையும் மென்பொருளே காட்டிவிடும். மருந்து உட்கார்ந்திருந்ததோ பெட்டியின் விளிம்பில், பாதி உடம்பு அடுத்த பெட்டிக்குள். எப்படி அடுக்குவது என்ற விவரம் மட்டும் கோப்பில் இல்லை. ஏன் இல்லை?

ஏனென்றால் அதை வெட்டியது அவளேதான். பெரிய கோப்பு இந்த டவரில் ஏறாமல் ஏறாமல் நின்றபோது, ஆத்திரத்தில் ஒரு பெட்டி அளவுக்குச் சுருக்கி, விவரத்தைத் தவறவிட்டு அனுப்பித் தொலைத்தாள். அதையேதான் லேப்டாப்பிலும் வைத்துக்கொண்டு இத்தனை நாள் மல்லுக்கு நின்றிருக்கிறாள்.

"மூதேவி," என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"யார மக்கா?"

"என்னயத்தான்மா."

பெட்டியின் நீள அகலங்கள் அவளுக்கு மனப்பாடம். அவற்றைக் கையால் கொடுத்து, அடுக்கும் முறையையும் கொடுத்து, லெவலைப் பழைய நேர்மையான இடத்துக்கே ஏற்றினாள். வலை வந்தது. தலை முதல் வால் வரை, லேபில் பார்த்தது போலவே. அழுகை வரும்போல இருந்தது. ஆனால் அவள் அழவில்லை, கோபம் இன்னும் தீர்ந்திருக்கவில்லை.

நாலு மணிக்கு, போன வாரம் இருந்த அத்தனை பேர் முன்னாலும் படத்தைக் காட்டினாள். தமிழிலேயே பேசினாள். "வெட்டினது நான். அடுக்குற விவரத்த விட்டுப்போட்டு அனுப்பினதும் நான்தான். தப்பு எனக்கதாக்கும், மன்னிக்கணும். மருந்து முழுசா உண்டு. லெவல நான் தொடல்ல."

ராஜன் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். லெவல் எண்ணையும் பார்த்தார். "ம். கொள்ளாம், நல்லாருக்கு," என்றார். "அடுத்து சிபி."

அஜிஷா கூட்டத்தில் பகிர்ந்திருந்த தன் திரையை எடுக்கவில்லை. அவள் அதை எடுக்காமல் சிபியால் எதையும் காட்ட முடியாது.

"அஜிஷா, உனக்க ஸ்கிரீன மாத்து."

"மாத்துதேன் சார். எனக்க தப்ப நான் சொல்லியாச்சு. போன வாரம் நீங்க சொன்னது பாக்கி உண்டு."

சிபி இன்றும் சாயா வைத்திருந்தான். கிளாஸ் வாய்க்குப் போகிற பாதி வழியில் நின்றது. சார் மேசையிலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு, "அது... அப்பிடி கேட்டிருக்கப்பிடாது," என்று முணுமுணுத்தார்.

"கேக்கல்ல சார். எங்க ஊர்ல டவர் சரியில்ல."

சார் மைக்குக்குப் பக்கத்தில் வந்தார். "போன வாரம் உன்ன நான் சொன்னது தப்பு, அஜிஷா. மருந்து உண்டு." இந்த முறை ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது.

அவள் திரையை எடுத்துவிட்டு, கூட்டம் முடியும்வரை இருந்து, லேப்டாப்பை மூடினாள். பால் கறக்கும் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளறையைக் கடந்தபோது ஆனந்தபாய் தலையைத் தூக்கினாள்.

"அந்த ஆளு மொதல்ல முணுமுணுத்ததே எனக்கு இங்க வரைக்கும் கேட்டுது மக்கா."

"எனக்கும் கேட்டுதும்மா," என்று சொல்லிவிட்டு அஜிஷா தொழுவத்துக்குப் போனாள்.