பலா சொத்துன்னா அறு

நானும் காசிம் பாயும் ராயபுரம் யார்டில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீளமான சுத்தியலால் ரயில் பெட்டியின் சக்கரத்தைத் தட்டி, சத்தம் கேட்டுப் பாஸ் செய்யும் வேலை. கிண்ணென்றால் சாக்பீஸில் டிக். சொத்தென்றால் விரிசல், பெருக்கல் குறி போட்டுப் பெட்டியை ஒதுக்கிவிட வேண்டும்.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பலா மரம். பலாவைத் தட்டி முற்றிவிட்டதா என்று சொல்வதில் பாய்தான் யார்டுக்கே கெட்டிக்காரர். "சக்கரம் சொத்துன்னா தள்ளு, பலா சொத்துன்னா அறு. அவ்ளோதான் மாமு" என்பார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

என் மனைவி ஏழு மாதத்தில் பலாப்பழம் கேட்டாள். பாய் மரத்திலிருந்த காயெல்லாம் தட்டி, பெரிதாக ஒன்றை அறுத்துத் தந்தார். "சாக்குல சுத்தி வை, மூணே நாளு."

ஐந்து நாளாகியும் வாசனை வரவில்லை. பிளந்தால் பால் வழிந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று பிஞ்சு.

"வுடு, கொயம்பு வெச்சிடறேன்" என்றாள் அவள். "ஆனா பாய்க்குக் காதுல இன்னாமோ ஆயிகீது." எனக்குச் சக்கரங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

மறுநாள் பாய் கேட்டார். "பலா எப்டி இருந்திச்சி மாமு?"

"தேனு பாய்" என்றேன். காது போச்சென்றால் வேலையும் போகும். நாலு பிள்ளை பெற்றவரிடம் வேறென்ன சொல்வது? அன்று முதல் அவர் தட்டிய சக்கரங்களைப் பின்னாலேயே போய்த் திருட்டுத்தனமாக நானும் தட்டினேன். அவருக்குக் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள், அவர் டிக் போட்ட பாசஞ்சர் பெட்டியின் சக்கரம் ஒன்று சொத்தென்றது. டிக்கை அழித்துப் பெருக்கல் போட்டு நிமிர்ந்தால், எதிரே பாய். குறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பலாவும் பிஞ்சுதானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ரெண்டு மாசமாவே மந்தமாத்தான் கீது. நீ தேனுன்னியா, காது நல்லாத்தான் கீதுன்னு நம்பிக்கினேன்."

நேரே போர்மேன் துரையிடம் போய்ச் சுத்தியலை வைத்துவிட்டார். துரை திட்டவில்லை, சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றும் லாம்ப் ரூமுக்கு மாற்றினார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கூட வேலை செய்கிறவரிடம் பிஞ்சைப் பிஞ்சு என்று சொல்லிவிடுங்கள். என் பாசம் ஒரு பெட்டி ஜனத்தைக் கவிழ்த்திருக்கும். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கோடையில் பாய் என்னை அந்த மரத்தடிக்கு இழுத்துப் போனார். ஒரு பலாவைத் தட்டிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"இன்னா சொல்லுது மாமு?"

அவர் காதோரம் குனிந்து, "சொத்துன்னு பாய்" என்றேன்.

"நெசமா?"

"நெசமா பாய்."

"அப்போ அறு. பயுத்ததும் கொயந்தை வாயில ஒரு சொட்டுத் தடவு."