கணேசலிங்கத்தாருக்கு ஐந்து வருடம்

சுசிலாவுக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது, வலது காலில்தான் தெரியும். லண்டனில், செவன் கிங்ஸ் பக்கம் கார் ஓட்டப் பழக்குவது அவள் தொழில். பழகுகிறவர்கள் ரவுண்டபோட்டில் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தாலும் "பரவாயில்லை, ஆறுதலா" என்றுதான் சொல்லுவாள். அவள் பக்கத்தில் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கை மட்டும் கால் தானாகப் போய் மிதிக்கும். புருசன் சண்முகராசா செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி அன்று, பிரேக்கே இல்லாத மண்டபத்துத் தரையில் அந்தக் கால் ஒரு மிதி மிதித்தது.

மிதிக்க வைத்தவர் கணேசலிங்கத்தார். ஃபாரஸ்ட் கேட்டில் பலசரக்குக் கடையும் அதன் மேல்மாடியில் கலியாண மண்டபமும் வைத்திருப்பவர். பந்தியில் பாயாசம் வந்த நேரம் பார்த்து அவள் அருகில் வந்து குனிந்தார்.

"தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ. சண்முகத்தாற்றை டீமை எங்கடை மருமகன் பிரதாபனுக்குக் குடுத்திட்டம். ஒரு ஆள் குறைஞ்சால் லீக் நடக்காது எல்லோ."

"நான் இருக்கிறன்தானே, அண்ணை" என்றாள் சுசிலா.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்புக்கூட இல்லை. சின்னப் பிள்ளை கார்த் திறப்பைக் கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "உங்களுக்கு ஏன் தங்கச்சி உந்தத் தலையிடி?" என்றுவிட்டு, அவளுடைய இலையில் இன்னொரு வடை வைக்கச் சொல்லிப் போனார். அந்த வடையை அவள் தொடவில்லை.

அந்த லீக்கை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்ததே அவளும் சண்முகராசாவும்தான். அமெரிக்கன் புட்போல், தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுவார்களே, அது. சுசிலா வளர்ந்தது ஜெர்மனியில், ஹாகன் நகரத்தில். வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஒரு கிளப் அதை விளையாடியது. பள்ளிக்கூட வயதில் ஞாயிறுகளில் அங்கே சொசேஜ் விற்கப் போனவள், விற்றதைவிடப் பார்த்தது அதிகம். பிறகு கலியாணம் கட்டி லண்டன் வந்து, இங்கத்தை ஆட்களுக்கு அந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தார்கள்.

பத்துப் பேர், பத்து டீம், எல்லாம் கற்பனை. அதில் ஒரு டீம் கணேசலிங்கத்தாருடையது, லீக்குக்குத் தலைவரும் அவர்தான். அமெரிக்காவில் உண்மையாக விளையாடுகிறவர்களை இவர்கள் ஆவணியில் ஏலத்தில் எடுப்பார்கள். அந்த வீரர்கள் ஞாயிறு தோறும் அங்கே எடுக்கிற புள்ளி இங்கே இவர்கள் கணக்கில் ஏறும். ஆளுக்கு இருநூறு மில்லியன் கற்பனை டொலர், அதற்குமேல் ஒரு சதமும் கூடாது. அந்த வரம்புக்குப் பெயர் 'கேப்'. விலையோடு எத்தனை வருட ஒப்பந்தம் என்றும் சொல்லித்தான் ஆளை எடுக்கவேண்டும், ஐந்து வருடம் உச்சம், முன்னுக்குக் கேட்டவர் சொன்ன வருடத்தில் குறைக்கவும் ஏலாது. எடுத்த விலைதான் வருடா வருடம் அவன் சம்பளம். நடுவில் ஆளைக் கழற்றிவிட்டாலும் மிச்ச வருடங்களுக்கு அவன் சம்பளம் நம்முடைய கேப்பிலேயே கிடந்து அழுத்தும். பெடியள் அதைச் 'செத்த காசு' என்பார்கள்.

எல்லாரிலும் விலை கூடியவன் குவாட்டர்பாக். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கிறவன். அவனுக்கு எவ்வளவு கொடுக்கலாம், எந்த இடத்தில் வாயை மூடவேண்டும் என்பதில்தான் ஒரு டீமின் தலையெழுத்தே இருக்கிறது. சண்முகராசாவுக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது. "நீ சொல்லு சுசி, நான் கத்துறன்" என்பார். பத்து வருடம் அவள் சொன்னாள், அவர் கத்தினார். மூன்று தரம் கோப்பை வீட்டுக்கு வந்தது. 'சண்முகத்தாற்றை மூளை' என்று எல்லாரும் புகழ, அவள் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு உள்ளுக்குள் சிரித்தாள். அவர் இருக்கும்வரை அது அவர்கள் இரண்டு பேருடைய பகிடியாக இருந்தது.

டீமின் பெயர் 'ஹாகன் கழுகுகள்'. பிரதாபன் கைக்குப் போன கிழமையே அது 'ஃபாரஸ்ட் கேட் கிங்ஸ்' ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் சுசிலா தீர்மானித்தாள். டீம் திரும்பக் கிடைத்தால் மட்டும் போதாது. அந்த மனிசன் எல்லார் முன்னாலும் தலை குனிந்து இருக்கவேண்டும், அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. அழுகிற நேரத்தில்கூட அவள் அதைத்தான் நினைத்து அழுதாள்.

வழி மேர்வின் மூலம் வந்தது. மேர்வின் மன்னார்ப் பெடியன், பிளேஸ்டோவில் இருக்கிற மின்சார வேலைக்காரன், லீக்கில் ஒருவன். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் விழுந்துவிட்டது.

"அக்கா, என்ரை டீமை நீங்கள் எடுங்கோ" என்றான். "விரும்பின ஆளுக்குக் குடுக்கலாம் எண்டு அவர்தானே பிரதாபனுக்காகச் சட்டம் போட்டவர். இப்ப மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுவார்?"

சொல்ல முடியவில்லை. ஆனால் கணேசலிங்கத்தார் சும்மா விடுகிற ஆளும் இல்லை. உடனே கூட்டம் கூட்டி இன்னொரு சட்டம் போட்டார்: அடுத்தடுத்து இரண்டு வருடம் கடைசியாக வருகிறவர் லீக்கை விட்டுப் போகவேண்டும். சொல்லும்போது சுசிலாவைப் பார்க்கவில்லை, மற்ற எல்லாரும் பார்த்தார்கள். அவள் முதல் ஆளாகக் கையை உயர்த்தினாள். மேர்வினின் டீமுக்கு அன்றே 'ஹாகன் கழுகுகள்' என்று பெயர் வைத்தாள்.

அந்த ஆடியில் கோயிலில் மாம்பழத் திருவிழா. பூசை முடிந்து மாம்பழத்தை ஏலம் விட்டார்கள். கணேசலிங்கத்தார் வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே சீட்டுக்காரர் ஒருவர் நூறு பவுண் கேட்டது காதில் விழுந்ததுதான் தாமதம், ஒரு காலில் செருப்போடு திரும்பி ஓடிவந்தார். நூற்றைம்பது, இருநூறு என்று போய், அறுநூற்றைம்பது பவுணுக்கு ஒரு மாம்பழத்தை வாங்கிக்கொண்டு போனார். பழம் புளி என்று அவருடைய மனிசியே பிறகு சொன்னாள். அந்த மனிசனுக்குப் பழம் வேண்டியதில்லை, இன்னொருவன் கையில் அது போகக்கூடாது, அவ்வளவுதான். சுசிலா தேர்க்காலடியில் நின்று இதைப் பார்த்தாள். திருநீறு பூசிய கையோடு, முருகா இவரை எனக்குக் காட்டித் தந்தாயே என்று மனமுருகிக் கும்பிட்டாள்.

ஏலம் கணேசலிங்கத்தாரின் மண்டபத்தில், ஆட்டிறைச்சிக் கறியோடு நடந்தது. டீம் இல்லாத மேர்வின் அன்றைக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு ஏலம் கூற வந்திருந்தான். சுசிலாவின் முறை வந்ததும் அந்த வருடத்தின் பெரிய குவாட்டர்பாக்கின் பெயரைச் சொன்னாள். தோள்வரை முடி வைத்தவன், பெடியளுக்கு அவன் 'சடையன்'.

"நாப்பது மில்லியன்" என்றாள்.

மற்றவர்கள் எழுபதில் நின்றுவிட்டார்கள். கணேசலிங்கத்தார் அதுவரை எலும்பு சூப்பிக்கொண்டிருந்தார். "எண்பது, ரெண்டு வருசம்" என்று அவள் சொன்னதும் எலும்பைக் கீழே வைத்தார்.

"எண்பத்தஞ்சு."

"தொண்ணூறு, மூண்டு வருசம்."

"நூறு!"

இருநூறில் நூறு போனால் மற்ற ஆட்களுக்கு என்ன மிஞ்சும் என்று சொசேஜ் விற்கிற சிறுமிக்கும் தெரியும். அவர் இந்த இடத்தில் வாயை மூடினால் குழியில் விழப்போவது அவள்தான். இரண்டு வருடம் கடைசியாக வந்து, அவர் போட்ட சட்டத்தாலேயே கழுத்தில் பிடித்துத் தள்ளப்படுவாள். கழுகுகளின் பெயர் இரண்டாம் தரமும் அழியும். அப்படியும் சொன்னாள்:

"நூற்றிப் பத்து, நாலு வருசம்."

கணேசலிங்கத்தார் வாயைத் திறந்தார். பிரதாபன் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தான். "மாமா, விடுங்கோ. உங்கடை கேப் தாங்காது."

மேர்வின் "ஒருதரம்" என்றான். சுசிலாவின் வலது கால் தரையைப் போட்டு அழுத்தியது. "ரெண்டுதரம்" என்றான்.

"ஓம் அண்ணை, மருமகன் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றாள் அவள், எவ்வளவு பணிவாகச் சொல்ல ஏலுமோ அவ்வளவு பணிவாக. "உங்களுக்கு ஏன் உந்தத் தலையிடி?"

கணேசலிங்கத்தார் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "நூற்றி இருபது! அஞ்சு வருசம்!"

சுசிலா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மேர்வின் மூன்று தரம் கூறி முடித்தான். சிலர் கை தட்டினார்கள். வென்றவர் சுற்றிவரப் பார்த்துச் சிரித்தார், பிரதாபன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான். சுசிலா இறைச்சிக் கறியை இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சண்முகராசா செத்ததிலிருந்து சாப்பாடு அவளுக்கு உருசித்தது அன்றைக்குத்தான்.

சடையனில் ஒரு குறையும் சொல்லக்கூடாது. அவன் ஞாயிறு தோறும் அள்ளி அள்ளிக் குவித்தான். ஆனால் கணேசலிங்கத்தாரின் மற்ற ஆட்கள் மிச்சக் காசுக்கு வாங்கிய நொண்டியும் கிழடும். பின்னேரம் ஆறு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் ஒன்பதுக்குள் அவருடைய தோல்வி எல்லார் போனிலும் வந்துவிடும். சடையனை விற்கப் பார்த்தார், அந்தச் சம்பளத்தோடு வாங்க எவனும் வரவில்லை. கழற்றிவிட்டால் நூற்றி இருபதும் செத்த காசு, ஆளும் இல்லை. முதல் வருடம் கடைசி. கழுகுகள் இரண்டாவது. அடுத்த வருடமும் அவர் கடைசி, கழுகுகளுக்குக் கோப்பை.

கடையில் சாமான் வாங்க வருகிறவர்கள்கூட "என்ன அண்ணை, சடையன் சுகமோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். மனிசன் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லாவில் இருப்பதையே விட்டுவிட்டார்.

இரண்டாம் வருடக் கூட்டத்துக்கு அவர் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் கனகாலத்துக்குப் பிறகு ஒரு நிம்மதி. எழும்பி நின்று, "சட்டம் எண்டால் எனக்கும் சட்டம்தான். நான் போட்டது, நானே போறன்" என்றார். விடுதலை கிடைத்த குரல். சடையன், செத்த காசு, சுகம் விசாரிப்பு எல்லாம் இனிப் பிரச்சினையில்லை. மானத்தோடு வாசலால் போய்விடலாம்.

சுசிலா எழும்பினாள்.

"கணேசலிங்கம் அண்ணை இல்லாமல் ஒரு லீக்கோ? அந்தச் சட்டத்தை எடுத்துவிடுவம். விரும்பின ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பிரதாபனுடையதும்தான். மேர்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்காவின்ரை மனம் ஆருக்கு வரும்!" என்றான். ஒருவர் ஓடிவந்து கணேசலிங்கத்தாரின் தோளைப் பிடித்து அவரைத் திரும்பக் கதிரையில் இருத்தினார். இனி எழும்பிப் போனால் பொம்பிளைக்குப் பயந்து ஓடினவர் என்று கதை வரும், அதை அந்த மனிசன் செத்தாலும் தாங்கமாட்டார். இது அவருக்கும் தெரியும், சுசிலாவுக்கும் தெரியும்.

அவள் கிட்டப் போய், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குனிந்தாள். அன்றைக்கு அவர் குனிந்த அதே அளவு.

"குறை நினைக்காதையுங்கோ, அண்ணை. ஒரு ஆள் குறைஞ்சால் லீக் நடக்காது எல்லோ. ஒப்பந்தத்தில இன்னும் மூண்டு வருசம் கிடக்கு."

பிறகு நிமிர்ந்து, அவருடைய தட்டில் ஒரு வடை வைக்கச் சொன்னாள்.