பெருவிரல் மோதிரம்

பேய், ஆவி என்று யாராவது கதை எடுத்தால் எழுந்து தேநீர் போடப் போகிற ஆள் நான். சிரிப்பு வந்துவிடும், அவர்களுக்கு மனம் நோகும், அதனால்தான். இப்போது நானே ஒன்றைச் சொல்லப் போகிறேன், நீங்கள் சிரித்தால் கோபிக்க மாட்டேன். என் தங்கைகூட, பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்றுதான் சொல்லித் திரிகிறாள்.

எண்பதுகளின் கடைசி அது. லண்டனில், அப்டன் பார்க்கில் ஒரு சேலைக்கடைக்கு மேலே எங்கள் ஃபிளாட். கணவர் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் ஷிப்டாக நின்றார். எங்கள் ஒரே மகன் சுதனுக்கு எட்டு வயது, இரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்கு மேல்மாடியில் மரைக்கார் ஐயா இருந்தார். காயல்பட்டினத்துக்காரர், அரபு படிப்பித்து ஓய்வு பெற்றவர், மனைவி போன பிறகு தனியாள். பழைய அரபு வரலாறு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். பல நூறு வருடங்களுக்கு முன் யாரோ எழுதியது, பிள்ளைப் பருவத்திலேயே அரியணை ஏற்றப்பட்ட முஸ்லிம் அரசர்களைப் பற்றியது. ஏழு வயது, ஐந்து வயது, ஒருவன் இன்னும் பால் மறக்காதவனாம். தாடி வைத்த பெரிய மனிதர்கள் வரிசையாக வந்து அந்தக் குஞ்சுக் கையைப் பிடித்து, உங்களுக்குக் கட்டுப்படுகிறோம் என்று சத்தியம் செய்வார்களாம். பிறகு ஆட்சி செய்வது மாமனோ மந்திரியோ.

சுதனுக்கு இந்தக் கதைகள் என்றால் உயிர். பள்ளிக்கூடம் போக முடியாத பிள்ளைக்கு, படிக்காமலே ராசாவாகிற பிள்ளைகளைப் பிடிக்காமல் இருக்குமா? பின்னேரங்களில் ஐயா வந்து கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து அரபியைப் பார்த்துத் தமிழில் சொல்லுவார். எல்லாக் கதையும், அந்தப் பையன் வளர்ந்து தாடி வைத்து நல்லாட்சி செய்தான் என்றே முடியும். எனக்குச் சந்தேகம் வந்து ஒரு நாள் மாடிப்படியில் மறித்துக் கேட்டேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அவர்களில் நிறையப் பேர் வளரவே இல்லை என்றார். நஞ்சு, சிறை, கழுத்தில் கயிறு. என் பிள்ளையிடம் மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். சொல்ல மாட்டேன் என்றார். அப்படி நாங்கள் இருவருமாகச் சேர்ந்து அந்தப் பிள்ளைகளை எல்லாம் வளர்த்துவிட்டோம்.

மார்கழியில் ஒரு நாள், நாலு மணிக்கே இருட்டிவிட்டது, ஐயா ஒரு குட்டி சுல்தானின் கதையை வழக்கம்போல முடிக்கப் போனார். சுதன் கண்ணை மூடியபடியே குறுக்கிட்டான்.

"இல்லை அங்கிள். அவன் நித்திரையாக் கிடக்கேக்க தலகணியாலை அமத்திப்போட்டாங்கள்."

ஐயாவின் விரல் பக்கத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. என் பிள்ளைக்கு அரபியில் ஓர் எழுத்துத் தெரியாது, தமிழே தட்டுத் தடுமாறித்தான் வாசிப்பான். யாரடா சொன்னது என்று கேட்டேன்.

"அவன்தான் சொன்னவன். அங்கிள் ஏன் எங்களைப் பற்றிப் பொய் சொல்றார் எண்டு கேக்கிறாங்கள்."

காய்ச்சலில் பிதற்றுகிறான் என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்துதான் இருந்தது. திரும்பி ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று அவர் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

பிள்ளை அத்தோடு விடவில்லை. அந்தச் சுல்தானுக்கு முத்திரை மோதிரம் பெரிதாம், பெருவிரலில் போட்டும் கழன்று கழன்று விழுந்ததாம், அவன் தாய்தான் அதற்கு நூல் சுற்றிக் கொடுத்தாளாம். சத்தியம் வாங்கும்போது பயந்துபோய் அம்மாவைக் கேட்டு அழுதானாம், திரைக்குப் பின்னால் நின்ற தாயை யாரும் உள்ளே விடவில்லையாம். ஐயா புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். அடுத்த நாள் வந்து வாசலிலேயே நின்றார்.

"மோதிரத்தைப் பத்தி அதுல ஒரு எழுத்துக்கூட இல்ல மவளே. எல்லாத்தையும் புரட்டிப் பாத்துட்டேன்."

அதன் பிறகு அவர் பொய் சொல்லவில்லை, நானும் தடுக்கவில்லை. உள்ளதை உள்ளபடி வாசித்தார். சுதன் ஓம், ஓம் என்று, தெரிந்தவர்களின் சங்கதி கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டு கிடந்தான். அழுதது நாங்கள்தான். பேயை நம்பாதவள் அந்த மாதம் எல்லாச் சாமியையும் நம்பினேன், ஒன்றும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி நாள் பின்னேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

"அம்மா, அவன்ரை அம்மாவை உள்ளை விடேல்லைத்தானே. என்ரை அம்மா உன்ரை கையைப் பிடிப்பா எண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டன்."

ஓம் என்றேன். அந்த நேரத்தில் அவன் எதைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். விளக்கு வைக்கிற நேரத்தில் போய்விட்டான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த வாரம், வீட்டில் யாரும் இல்லாத பின்னேரம், கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். என் கைக்குள் ஒரு சின்னக் கை வந்தது. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. சுதன், என்ரை ராசா என்று இறுக்கிப் பிடித்தேன். ஊசி குத்திக் குத்திச் சுதனின் புறங்கை தடித்துப்போயிருக்கும். இந்தக் கை வழுவழு என்று இருந்தது. பெருவிரலில் ஒரு மோதிரம். தடவிப் பார்த்தேன், அதில் நூல் சுற்றியிருந்தது.

பிறகு மரைக்கார் ஐயா ஊருக்குப் போய் அங்கேயே மௌத்தாகி அடக்கமானார், நாங்கள் ரெய்னர்ஸ் லேனுக்கு வீடு மாறினோம். அந்தக் கதிரையை நான் விடவில்லை. மாரி காலத்தில், இருட்டுப்படுகிற நேரத்தில், அந்தக் கை இப்போதும் வருகிறது. என் பிள்ளை கொடுத்த வாக்கு, அதனால் பிடித்துக்கொள்கிறேன். சுதன் ஒரு நாளும் வரவில்லை. அங்கே என் பிள்ளையின் கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். அந்தக் கை பிடியை மட்டும் இறுக்குகிறது.